குரோமியத்துக்குப் பதினைந்து

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஒன்பது நாற்பதுக்கு, தோ பாயோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளைத் திருப்பினேன். அதை ஐந்து வாரங்களுக்கு முன்பே திருப்பியிருக்க வேண்டும்.

ஃபேரர் பார்க்கில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் உள்ள துணைப்பாட வகுப்பில் நான் வேலை செய்கிறேன். ஆசிரியர் கையால் எழுதித் தரும் வேதியியல் பயிற்சித்தாள்களைத் தட்டச்சு செய்வது, அச்சடிப்பது, விடைக்குறிப்பைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. நான் வேதியியல் படித்தவள் அல்ல. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு கப்பல் நிறுவனத்தில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்த்தேன். அந்த அலுவலகத்தை மூடினார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை. நாற்பத்தொன்பதாவது வயதில் என்னை எடுத்துக்கொண்டவர் இந்த ஆசிரியர். வகுப்பின் உரிமையாளரும் அவரே, ஒரே ஆசிரியரும் அவரே. என்னைவிடப் பதினாறு வயது இளையவர். மாணவர்கள் எதிரில் அவரை ‘சார்’ என்பேன், தனியாக இருக்கும்போது ‘தம்பி’. அவருக்கு நான் எப்போதும் ‘அக்கா’.

சரிபார்க்க எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். அவருடைய விடையை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் நானே வெள்ளைத்தாளில் போட்டுப் பார்ப்பேன். பிறகு காகிதத்தை எடுத்து ஒப்பிடுவேன். இரண்டும் வேறுபட்டால் அவரிடம் கேட்பேன், கேட்ட பிறகே திருத்துவேன். இந்த முறையில் நான்கு ஆண்டுகளில் வேதியியல் கொஞ்சம் எனக்கும் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அணுவின் எலக்ட்ரான் அமைப்பைப் பார்த்து, எத்தனை ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான் இருக்கிறது என்று எண்ணுவது. அதில் ஊகத்துக்கு இடமில்லை, எண்ணினால் விடை வரும் என்று நம்பினேன்.

ஆர்பிட்டாலை ஒரு கட்டமாக வரைந்துகொள்வேன். ஒரு கட்டத்தில் இரண்டு எலக்ட்ரானுக்கு மேல் இடமில்லை. s என்றால் ஒரு கட்டம், p என்றால் மூன்று, d என்றால் ஐந்து. எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதாது. நைட்ரஜனுக்கு ஏழு எலக்ட்ரான். 1s-இல் இரண்டு, 2s-இல் இரண்டு, மிச்சம் மூன்று. அந்த மூன்றும் p-யின் மூன்று கட்டங்களில் தனித்தனியாகப் போய் உட்காரும். தனி இடம் தீர்ந்த பிறகுதான் ஜோடி சேரும். ஆகவே ஐந்து கட்டம். இது எனக்குத் தேக்கா உணவு நிலையத்தில் விளங்கியது. கூட்டமில்லாத காலை நேரத்தில் அங்கே யாரும் யாருடனும் சேர்ந்து உட்காருவதில்லை, ஒரு மேசைக்கு ஒருவர். ஒருவர் இருந்தாலும் அந்த மேசை ஆள் உள்ள மேசைதான். ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அப்போ டிஷ்யூ பாக்கெட் வச்சு இடம் பிடிச்ச டேபிளு? அத எண்ணணுமா, வேண்டாமா?”

“இடம் பிடிச்சாச்சுன்னா எண்ணணும் தம்பி.”

“உங்க கையில எக்ஸாம் பேப்பரக் குடுத்தா நாடே ஃபெயில் லா, அக்கா.”

செப்டம்பர் கடைசியில் அவர் இரண்டு வாரம் ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போனார். போகுமுன் தேர்வுக்கான கடைசிப் பயிற்சித்தாளை எழுதிக் கொடுத்து, “நீங்க பாத்தா போதும், எனக்கு அனுப்பாதீங்க, அங்க சிக்னல் கிடைக்காது” என்றார். அதில் ஏழாவது கேள்வி குரோமியம். இருபத்து நான்கு எலக்ட்ரான். முதல் பதினெட்டு எலக்ட்ரான்கள் ஒன்பது கட்டங்களை நிரப்பிவிடும். மிச்சம் ஆறு. வழக்கமான வரிசைப்படி 4s-இல் இரண்டு, 3d-யில் நான்கு. அந்த நான்கும் தனித்தனிக் கட்டத்தில். ஒன்பதும் ஒன்றும் நான்கும் பதினான்கு. காகிதத்தை எடுத்தேன். அவர் பதினைந்து என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி.

அதுவரை அவருடைய விடைகளில் இருபத்து மூன்று பிழைகள் கண்டுபிடித்திருந்தேன். இருபத்து மூன்றிலும் நான்தான் சரி. இருபத்து நான்காவதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் பதினான்கு. சிவப்புப் பேனாவால் திருத்தினேன். முப்பத்தெட்டுப் பிரதிகள் எடுத்து, முப்பத்தெட்டு மாணவர்களுக்குக் கொடுத்தேன். அன்றைய நாட்குறிப்பில், “சாரின் விடையில் ஒரு பிழை, திருத்தினேன்” என்று இருக்கிறது. எழுத்து மற்ற நாட்களைவிட அழகாக இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவர்களுக்கு ஏ லெவல் வேதியியல் தேர்வு. வகுப்பு முடிந்துவிட்டதால், ஆண்டு முழுவதும் சேர்ந்த கையெழுத்துத் தாள்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளின் பின்பக்கம் ஏதோ எழுத்து ஊறித் தெரிந்தது. திருப்பினேன். அவர் எப்போதும் ஒரு பக்கம்தான் எழுதுவார். இதில் மட்டும் பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டு, “குரோமியம் விதிவிலக்கு. 4s-இல் ஒன்று, 3d-யில் ஐந்து. d பாதி நிரம்பினால் நிலைத்தன்மை அதிகம். அக்கா, இதைக் குறிப்பில் சேர்க்கவும்” என்று எழுதியிருந்தார்.

கப்பல் அலுவலகத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே தாளின் பின்பக்கத்தைப் பார்ப்பதுதான்.

பயம் எனக்குக் காதில் வரும். உயரமான கட்டடத்தின் மின்தூக்கியில் போகும்போது அடைப்பதுபோல் இரண்டு காதும் அடைத்துக்கொள்ளும். வெளியே பாடிக்கொண்டிருந்த பறவையின் சத்தம் நின்றுவிட்டது. பாடநூலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது. ஒன்பது, ஒன்று, ஐந்து. பதினைந்து.

பிறகு மாணவி ஒருத்தியின் நினைவு வந்தது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வருபவள். கடைசி வரிசையில் உட்காருவாள், அதிகம் பேசமாட்டாள். மூன்று வாரங்களுக்கு முன் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். தேடி எடுத்தேன்.

“ஆன்ட்டி, கேள்வி 7 பதினாலா? எனக்கு 15 வருது.”

என் பதில்: “14 சரி. நிதானமாக எண்ணிப் பார்க்கவும்.”

“ஓகே ஆன்ட்டி. திரும்ப எண்றேன்.”

பத்து நிமிடம் கழித்து: “14 வந்துடுச்சு.”

மற்ற முப்பத்தேழு பேரும் அந்தத் தாளைப் பார்த்தார்களோ இல்லையோ தெரியாது. இவள் பார்த்தாள். சரியான விடையைக் கண்டாள். நான் சொன்னதால் அதை விட்டுவிட்டு, பதினான்கு வரும்வரை எண்ணினாள். வராத எண்ணை வரவைக்க அவள் எதை மாற்றினாள்? குரோமியத்தில் மட்டும் மாற்றியிருந்தால் ஒரு மதிப்பெண் போகும். எண்ணும் முறையையே மாற்றியிருந்தால்? அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்கு இந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் சிந்தக் கூடாது.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. சிவப்புத் திருத்தம் அதில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் தவறு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆசிரியரை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆறு முறை அழைத்தேன். பத்து ஐம்பதுக்குத் திரும்ப அழைத்தார்.

“அக்கா, பல் டாக்டர்கிட்ட இருந்தேன். ஆறு மிஸ்டு கால். வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?”

“குரோமியம், தம்பி.”

“என்ன குரோமியம்?”

சொன்னேன். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

“நான் போர்டுல எழுதிப் போட்டேனே. ரெண்டு தடவை.”

“அச்சுல பதினாலுன்னு இருக்கு.”

“ஐயோ அக்கா.”

“எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிடவா?”

“வேண்டாம், வேண்டவே வேண்டாம். எக்ஸாமுக்கு மூணு மணி நேரம் இருக்கு. இப்போ ஒரு விடை தப்புன்னா, மத்த இருநூறும் தப்போன்னு உக்காந்து நோண்டுவாங்க. ஒரு மார்க்குக்கு மேல அது போகாது. வரலாம், வராமலும் போகலாம். விடுங்க லா.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பேரண்ட்ஸ் என்ன சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஒருத்தரும் மாடி ஏற மாட்டாங்க.”

அவரும் பயந்திருந்தார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதனால்தான் அடுத்த ஐம்பது நிமிடம் நான் எதுவும் செய்யவில்லை. மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன். வேலை இல்லாத இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு காலையும் எப்படி விடிந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் அதற்குத் திரும்பிப் போக எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மற்ற முப்பத்தேழு பேரில் இன்னொருத்தியும் கேட்காமலே மாற்றிக்கொண்டிருந்தால்?

பதினொன்று நாற்பத்தைந்துக்கு வகுப்பின் குழுவில் எழுதினேன்: “கேள்வி ஏழு, குரோமியம். சரியான விடை 15. அச்சில் உள்ள 14 என் தவறு, சாருடையது அல்ல. சார் வகுப்பில் சொன்னதே சரி.”

பன்னிரண்டு பத்துக்குள் முப்பத்தேழு பேர் படித்துவிட்டார்கள். யார் படித்தது என்று போனிலேயே தெரியும், பெயர் பெயராகப் பார்த்தேன். படிக்காதவள் அவள் ஒருத்திதான்.

பதிவேட்டிலிருந்து அவள் அம்மாவின் எண்ணை எடுத்து அழைத்தேன். அந்த அம்மா சிராங்கூன் ரோட்டில் ஒரு சேலைக்கடையில் விற்பனையாளர். பின்னணியில் யாரோ பட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சரா? சொல்லுங்க டீச்சர். அவ போனா? அது என் பையிலதான் இருக்கு. எக்ஸாம் நாள்ல இது கையில இருந்தா புத்தி இதுலதான் போகும்னு காலையிலேயே வாங்கி வச்சுட்டேன்.”

விஷயத்தைச் சொன்னேன்.

“தப்பா? உங்க பேப்பர்லயா? அவ அந்தப் பேப்பரத்தானே சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிட்டுட்டுப் போனா! டீச்சர் நீங்களே இப்படிப் பண்ணலாமா?”

“நான் டீச்சர் இல்லம்மா. டைப் பண்றவ.”

“அப்புறம் எதுக்கு நீங்க திருத்துனீங்க?”

“நானே நேர்ல போய்ச் சொல்லிடறேன்” என்றேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கிளம்பினேன். நியூட்டனில் ரயில் மாறி, புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, பேருந்து பிடிக்க வேண்டும். ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். ஆசிரியர் சொன்னதுதான் காதில் இருந்தது. போய் நின்று நான் அவளைக் குலைத்துவிடப் போகிறேனோ? இரண்டு நிலையங்களில் இறங்கித் திரும்பிவிட நினைத்தேன். கதவு திறந்தது, மூடியது.

அவளுடைய ஜூனியர் காலேஜ் வாசலுக்கு ஒன்று பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காவலர் ஒரு தமிழர், வயதானவர்.

“என்ன ஆன்ட்டி, உங்களுக்கும் எக்ஸாமா?”

“ஒரு பிள்ளையப் பாக்கணும். ரெண்டே நிமிஷம்.”

“உள்ள விட முடியாது லா. என் வேல போயிடும். அந்தா, வேலிப் பக்கம் எல்லாம் உக்காந்து மனப்பாடம் பண்ணுதுங்க. அங்க போய்க் கூப்பிட்டுப் பாருங்க. நான் பாக்கல.”

வேலியை ஒட்டி நடந்தேன். ஒரு தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, உதடு அசைய உட்கார்ந்திருந்தாள். மடியில் எங்கள் தாள்கள். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

“அம்மாவுக்கு என்னாச்சு?”

“அம்மாவுக்கு ஒண்ணுமில்லடா. குரோமியம். நீ முதல்ல சொன்னதுதான் சரி. பதினஞ்சு. நான்தான் தப்பாத் திருத்திட்டேன்.”

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உனக்கு எப்படிம்மா பதினாலு வந்துச்சு?”

“சார் போர்டுல எழுதுனத விட்டுட்டேன் ஆன்ட்டி. 4s-ல ரெண்டு போட்டேன். ஆன்சர் கீ-ல இருக்கறதுதானே கன்ஃபார்ம்?” பிறகு அவள் முகம் மாறியது. “அப்போ காப்பர்? அதே பேப்பர்ல பத்தாவது கேள்வி. கீ-ல பதினஞ்சு. அதுவும் நீங்க போட்டதா? அதுவும் விதிவிலக்குதானே?”

செம்பை நான் மறந்தே போயிருந்தேன். செம்புக்கு என் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போயிருக்க வேண்டும், அதனால்தான் அன்று அதைத் தாண்டிப் போயிருப்பேன். என் வழியில் வந்த விடைதான் அதுவும். என் வழி எவ்வளவு பெறும் என்று இப்போது இருவருக்கும் தெரியும். ஒன்று இருபது. உள்ளே மணி அடித்தது. மாணவர்கள் எழுந்தார்கள்.

“சேர்ந்து எண்ணுவோம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “இருபத்தொம்பது. முதல் பதினெட்டுக்கு ஒம்பது கட்டம்.”

“மிச்சம் பதினொண்ணு.”

“சாதாரண வரிசைப்படி, 4s-ல ரெண்டு, 3d-ல ஒம்பது.”

“ஒம்பதுன்னா அஞ்சு கட்டத்துலயும் ஆளு இருக்கு. ஒண்ணும் அஞ்சும் ஆறு. பதினஞ்சு.” விரலால் வேலிக் கம்பியில் எண்ணினாள். “விதிவிலக்குன்னா 4s-ல ஒண்ணு, 3d-ல பத்து. அதே அஞ்சு கட்டம். ஒண்ணும் அஞ்சும்...”

“ஆறு.”

“ரெண்டு வழியிலயும் பதினஞ்சு.” மூச்சை விட்டாள். “லக்கி நீங்க, ஆன்ட்டி.”

அவள் போகத் திரும்பி, மறுபடி வந்தாள். “வேற எது எதுல சாரோட விடைய மாத்துனீங்க?”

“மத்ததெல்லாம் சார்கிட்ட கேட்டுத்தான் மாத்துனேன்.”

என்னை ஒரு நொடி பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

எதிரிலிருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு முப்பத்தைந்துக்கு ஆசிரியர் அழைத்தார்.

“எல்லாருக்கும் அனுப்பிட்டீங்க.”

“ஆமா தம்பி.”

“வேண்டாம்னு சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“மூணு பேரண்ட்ஸ் கூப்பிட்டாச்சு. ஒருத்தர் எல்லா பேப்பரையும் திரும்பச் செக் பண்ணித் தரச் சொல்றார்.” பெருமூச்சு விட்டார். “சனிக்கிழமை வாங்க. பேசிக்கலாம்.”

வேலை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான்கு மணிக்குப் பிறகு பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் கடைசியில், தனியாக வந்தாள். நான் அங்கேயே இருந்ததைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

“குரோமியம் வரல, ஆன்ட்டி. இரும்பு வந்துச்சு. மூணு எலக்ட்ரான் போன அயனி.”

மனத்துக்குள் எண்ணினேன். இரும்புக்கு இருபத்தாறு. மூன்று போனால் இருபத்து மூன்று. 4s-இல் உள்ள இரண்டும் முதலில் போகும், பிறகு d-யில் ஒன்று. d-யில் மிச்சம் ஐந்து, ஐந்து கட்டத்தில். ஒன்பதும் ஐந்தும்.

“பதினாலு” என்றேன்.

“பதினாலுதான். எனக்கும் உடனே வந்துச்சு. வந்ததும் பயந்துட்டேன். திரும்பவும் பதினாலான்னு அடிச்சேன். நாலு தடவ எண்ணினேன். அப்புறம் அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் சரியான்னு போய்ப் பாத்தேன்.” அவள் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னாள். “பதினாலுன்னுதான் எழுதினேன். ஆனா கடைசி கேள்விக்கு நேரம் பத்தல. ஆறு மார்க்.”

“ஒண்ணுமே எழுதலயா?”

“கேள்வி நம்பர் மட்டும் போட்டேன்.”

நான் போகாமல் இருந்திருந்தால் அந்த ஆறு மதிப்பெண்ணும் அவளுக்குக் கிடைத்திருக்கும். குரோமியம் வந்திருந்தால், நான் போனதால் அவளுக்கு ஒன்று கிடைத்திருக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.

அப்போது என் போன் அடித்தது. அவள் அம்மா. “டீச்சர், அவ வெளிய வந்துட்டாளா? எப்படி எழுதினாளாம்?” நான் போனை அவளிடம் நீட்டினேன்.

அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“நல்லா எழுதினேன்மா. ஆமா. எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன். அந்த ஆன்ட்டி சொன்ன குரோமியமும் வந்துச்சு. இல்லம்மா, அழல. வெயில்.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அது அவள் கை வியர்வையில் நனைந்திருந்தது. அவளுடைய பேருந்து வந்துகொண்டிருந்தது. அவள் முன்னால் போய்க் கையை நீட்டி அதை நிறுத்தினாள்.